பிரிக்காத பை

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 29 வயது. மதுரை திருநகர். சென்னையில் ஐந்து வருடம் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையோடு ஏழு மாதம் தனியாகச் சுற்றினேன். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, கடைசியாக மலேசியா. திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. ஊர் அப்படியே இருக்கிறது, நான்தான் இதில் ஒட்டாமல் நிற்கிறேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. அம்மா அதைப் பரணில் ஏற்றப் போனபோது கத்திவிட்டேன். நான் வெளியில் இருந்தபோது அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது. நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமலே வைத்திருந்தார்கள். அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததிலிருந்து "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் கேட்பது கல்யாணம். தோழிகள் இரண்டு நிமிடம் போட்டோ பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். கடைசி வாரம் பினாங்கில் வயிற்றுப்போக்கு வந்து அறையிலேயே கிடந்தேன். மொத்தப் பயணமே வீணோ என்று இப்போது தோன்றுகிறது. பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மனசு இன்னொரு டிக்கெட்டைத்தான் தேடுகிறது. எனக்கு என்ன ஆயிற்று?

பதில்:

வணக்கம்மா. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களுக்கு ஆகியிருப்பதற்குப் பெயர் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை.

வயிற்றுப்போக்கில் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு வாரம் கழித்தும் உடம்பு அசதியாக இருந்தாலோ, எடை திரும்ப ஏறாமல் இருந்தாலோ, இடையில் காய்ச்சல் வந்து போயிருந்தாலோ முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மலேரியா மாதிரி சில நோய்கள் ஊர் திரும்பிப் பல வாரம் கழித்தும் தலைகாட்டும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட மனச்சோர்வு மாதிரியே வேஷம் கட்டும். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் இப்படி ரத்தப் பரிசோதனையிலேயே பாதி விடை கிடைத்தவர்கள் உண்டு.

சரி, இப்போது மனசு. வெளியூர் போய் அங்கே ஒட்டாமல் தவிப்பதைப் பற்றி 1960-ல் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் எழுதினார். மூன்று வருடம் கழித்து, 1963-ல், கல்லஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதி அதோடு ஒரு முக்கியமான விஷயத்தைச் சேர்த்தார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு அதே தவிப்பு இரண்டாவது முறையும் வருகிறது என்றார்கள். இதற்குத்தான் 'ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக்', அதாவது ஊர் திரும்பியவர்களின் கலாச்சார அதிர்ச்சி என்று பெயர். ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்தால் ஆங்கில 'டபிள்யூ' எழுத்து மாதிரி இருக்கும். முதல் பள்ளம் போன இடத்தில், இரண்டாவது பள்ளம் சொந்த ஊரில். அந்த இரண்டாவது பள்ளத்தில்தான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். முதல் பள்ளத்தை எல்லோரும் எதிர்பார்க்கிறோம். பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் கிளம்புகிறோம். சொந்த வீட்டு வாசலில் கால் இடறும் என்று யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் இது கூடுதலாக வலிக்கிறது. 'எனக்கு என்னமோ கோளாறு' என்று தோன்றுவதும் அதனால்தான்.

நீங்கள் திரும்பிய விதத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மேகாங் ஆற்றில் மெதுபடகில் இரண்டு நாள் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இடையில் பாக்பெங் என்ற ஊரில் ஒரு ராத்திரி. வேகமாகப் போக வழியிருந்தும் அந்தப் படகைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். அது உங்கள் பயணத்தின் சுபாவம். ஆனால் திரும்பும்போது கோலாலம்பூரில் விமானம் ஏறி, நாலு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் மாட்டுத்தாவணி வந்து சேர்ந்துவிட்டீர்கள். ஏழு மாதத்தை ஒரு பகலில் மடித்து வைத்தாயிற்று. நம் பக்கத்து ஆட்கள் ஒரு காலத்தில் இதே பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தார்கள். 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. நாகப்பட்டினத்தைப் பார்ப்பதற்கு நாட்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். அந்த நாட்களில் அவர்கள் வேறு வேலையில்லாமல் திரும்பிக்கொண்டே இருந்தார்கள். கரை தெரிவதற்குள் பாதி மனசாவது ஊர் வந்து சேர்ந்திருக்கும்.

மதுரைக்காரியான உங்களுக்கு அழகரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சித்திரைத் திருவிழாவில் நாம் எல்லோரும் பார்ப்பது அவர் வருவதைத்தான். எதிர்சேவைக்குப் போகிறோம், தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியெல்லாம் வைகைக் கரையில் நிற்கிறோம். இறங்கியதோடு கூட்டம் கலைந்துவிடுகிறது. அவர் அதற்கப்புறம்தான் வண்டியூர் போகிறார், தேனூர் மண்டபம் போகிறார், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், பிறகு தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு. அதன் பிறகுதான் மலையைப் பார்த்துத் திரும்புகிறார். இருபது கிலோமீட்டர் சொச்ச வழியில் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று போகிறார். கோயில் வாசலுக்குப் போனதும் பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி கழித்த பிறகுதான் உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். அடுத்த நாள் களைப்பு தீர்க்க அதற்கென்று தனிப் பூஜை. சாமிக்கே திரும்புவதற்கு இத்தனை நாள் ஒதுக்கிய ஊர் இது. நீங்கள் ஒரே எட்டில் மலை ஏறிவிட்டு, ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்கிறீர்கள்.

அதனால், நீங்கள் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் மாட்டுத்தாவணியில் முடியவில்லை. அதன் கடைசிப் பகுதி இந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

கடைசி வாரம் வீணானது பற்றி. மனசு ஒரு அனுபவத்தைச் சராசரி போட்டு வைத்துக்கொள்வதில்லை. உச்சமான கணத்தையும் முடிந்த விதத்தையும்தான் பெரிதாகப் பிடித்துக்கொள்கிறது. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-ல் இதை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருப்பது ஒன்று. அதே ஒரு நிமிடத்தோடு, தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றிக்கொண்டே இன்னும் முப்பது விநாடி வைத்திருப்பது இன்னொன்று. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்ட இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. உங்கள் விஷயத்தில் இதே கணக்கு உங்களுக்கு எதிராக ஓடுகிறது. ஏழு மாதத்தில் ஒரு வாரம் அறையில் கிடந்தீர்கள். அது கடைசி வாரமாக அமைந்ததால் மற்ற எல்லாவற்றின் மேலும் அதன் நிறம் படிந்துவிட்டது. இன்னொரு டிக்கெட் தேடும் மனசு உண்மையில் தேடுவது வேறு நல்ல முடிவை என்று எனக்குப் படுகிறது. அந்த முடிவை டிக்கெட் போடாமலே வைக்கலாம். முடிவு இன்னும் வரவில்லை என்றுதானே சொன்னேன்.

எப்படி வைப்பது என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். மேலூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மாமா சவூதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். நைலான் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி, மேலே கறுப்பு மையில் அவர் பெயரும் ஊரும். வந்த உடனே பெட்டியைத் தொட அம்மாச்சி விடமாட்டார். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நடுக்கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். அரிவாள்மனையில் கயிற்றை அறுப்பார்கள். கோடாலித் தைலம், சோப்பு, பேரீச்சம்பழம், டார்ச் லைட். ஒவ்வொன்றையும் எடுத்து, இது இன்னாருக்கு என்பதோடு, எந்தக் கடையில், எந்த வெள்ளிக்கிழமை, யாரோடு போய் வாங்கினேன் என்று மாமா சொல்வார். பெட்டி காலியானதும் அம்மாச்சி ஆரம்பிப்பார். யார் யார் போய்ச் சேர்ந்தார்கள், எந்த வீட்டில் பாகப்பிரிவினை, எந்தக் கிணறு வற்றியது, எந்த மாடு கன்று போட்டது. மாமா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வருடம் அவர் வேலை பார்த்த கம்பெனி திடீரென்று மூடிவிட, பெட்டி இல்லாமல் ராத்திரியில் வந்து இறங்கினார். தோளில் ஒரு சின்னப் பை மட்டும். யாரும் வட்டமாக உட்காரவில்லை. அவரும் யாரோடும் பேசவில்லை. ஒரு மாதம் போல திண்ணையிலேயே கிடந்தார். ஒருநாள் அம்மாச்சி அந்தப் பையைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்து, "பிரிடா" என்றார். "என்னத்தா இருக்கு அதுல, அழுக்குத் துணிதான்" என்றார் மாமா. "அழுக்குத் துணியக் காட்டு" என்றார் அம்மாச்சி. இரண்டு சட்டை, ஒரு கைலி, முனை வளைந்த ஒரு எவர்சில்வர் கரண்டி. அந்தக் கரண்டியை வைத்து ஆறு பேர் மாறி மாறி எப்படிச் சமைத்தார்கள், யார் அதை வளைத்தது, அவன் எந்த ஊர்க்காரன் என்று மாமா சொல்லத் தொடங்கியவர் நடுராத்திரி வரை நிறுத்தவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருடம் கழித்தும், அன்று அம்மாச்சி செய்ததைவிடச் சிறப்பாக ஒன்றை நான் யாருக்கும் செய்ததாகச் சொல்ல முடியாது.

உங்கள் பையும் அப்படித்தான் காத்திருக்கிறது. ஒரு சாயங்காலம், அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்கும்போது, நடுக்கூடத்தில் வைத்துப் பிரியுங்கள். தனியாக, அறையைச் சாத்திக்கொண்டு பிரிக்காதீர்கள். பரிசுப்பொருள் எதுவும் வாங்கி வரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பூட்டு இருக்கும், படகுச் சீட்டு இருக்கும், எங்கேயோ கையில் கட்டிவிட்ட நூல் இருக்கும், கிழிந்ததை நீங்களே தைத்த சட்டை இருக்கும். அம்மா அந்தத் தையலைத்தான் முதலில் பார்ப்பார். தோழிகள் இரண்டு நிமிடத்தில் எழுந்து போவதற்குப் போட்டோவும் ஒரு காரணம். போட்டோவைத் தள்ளிக்கொண்டே போகலாம். பொருளைக் கையில் வாங்கினால் "இது எதுக்கு?" என்று கேட்கத்தான் வேண்டும். ஏழு மாதத்தையும் ஒரே மூச்சில் யாருக்கும் சொல்லி முடிக்க முடியாது, கேட்பவராலும் தாங்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும்.

அப்பாவுக்கு வேறு வழி இருக்கிறது. தினச் செலவை ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்ததாகக் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதை அப்படியே அவர் கையில் கொடுங்கள். "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்பதை நீங்கள் குற்றச்சாட்டாகக் கேட்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு பார்த்த மனிதருக்குத் தெரிந்த பாஷை அது. 'பயமா இருந்துச்சா, பசிச்சுச்சா, யாராவது ஏமாத்தினாங்களா' என்று கேட்க அவருக்கு வாய் வராது. கணக்கு கேட்க வரும். நோட்டைக் கொடுத்தால் கூட்டலைத்தான் சரிபார்ப்பார், அதுவும் நடக்கட்டும். ஆனால் நடுவில் நிற்பார். "இதென்ன கிப்பு?" என்பார். லாவோஸ் பணம் என்பீர்கள். "அஞ்சு லட்சத்துக்கு அப்படி என்ன வாங்கின?" என்று பதறுவார். வியட்நாமின் ஐந்து லட்சம் டாங் நோட்டு கைவசம் ஒன்று இருந்தால் எடுத்து நீட்டுங்கள். ஒரே தாளில் ஐந்து சைபர். வங்கிக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். உண்மையான மொத்தத் தொகையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் உழைப்பில் சேர்த்த பணம் அது, எதையும் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. சொந்தக்காரர்களிடம் அப்பா ஏழு மாதம் என்னென்ன பதில் சொன்னார் என்பதையும் அன்றைக்கே கேளுங்கள். பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டு இந்த ஊரில் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கும் ஒரு பயணமாகத்தான் இருந்திருக்கும்.

இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக உறுத்திய இடமும். 'ஊர் அப்படியே இருக்கிறது' என்று எழுதிவிட்டு, மூன்று வரி தள்ளி அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததை எழுதியிருக்கிறீர்கள். ஊர் அப்படியே இல்லை. அந்த ஏழு மாதம் அவர்களுக்கும் நடந்திருக்கிறது. அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனது யார், கட்டுப் பிரித்த அன்று முதலில் என்ன பார்த்தார், எத்தனை நாள் அடுப்பு வெப்பத்தில் நிற்கக் கூடாது என்றார்கள், அந்த நாட்களில் அப்பா என்ன சமைத்தார், இதெல்லாம் உங்களுக்கு இன்னும் தெரியாது. கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கூட இல்லாமல் போய்விட்டோமே என்ற குற்ற உணர்ச்சி உங்கள் வாயை அடைத்திருக்கிறது. அவர்கள் மறைத்தது உங்கள் பயணத்தைக் காப்பாற்றுவதற்காக. அந்த அன்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, அந்த நாட்களை நாள் நாளாகச் சொல்லச் சொல்லிக் கேட்பது நல்லது. மாமாவின் பெட்டி காலியான பிறகு அம்மாச்சி பேச ஆரம்பிப்பார் என்றேனே, அந்த இரண்டாவது பாதி நடக்காமல் யாரும் வீடு வந்து சேர்வதில்லை. அம்மாவிடம் கத்தியதற்கு மட்டும் தனியாக ஒரு மன்னிப்பு கேட்டுவிடுங்கள். அது சின்ன வேலை, இன்றைக்கே முடியும்.

தினசரி விஷயங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அங்கே நாள் முழுக்க நடந்தீர்கள். இங்கே ஆறு வாரமாக நாற்காலியில். உடம்புக்கு அது திடீர் நிறுத்தம், தூக்கமும் பசியும் அதிலேயே கெடும். காலையில் ஒரு மணி நேரமாவது நடங்கள். திருநகரிலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு நடந்து போய்விடும் தூரம்தானே, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். விடுமுறை நாளில் கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறுங்கள். காதில் எதையும் மாட்டாமல் போங்கள்.

கல்யாணக் கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். "யோசிக்கிறேன் அத்தை, வீட்ல சொல்றேன்" என்பதோடு விட்டுவிடுங்கள். அவர்கள் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

டிக்கெட், வேலை இரண்டும் வேறு. இன்னும் இரண்டு மாதத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். இனிமேல் பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்குப் போட்டால் அது ஊரிலிருந்து தப்பிப்பதற்கான டிக்கெட்டாக இருக்கும், அதில் போகிற ஊர் எதுவும் கண்ணில் படாது. வேலையைப் பொறுத்தவரை, பழைய கம்பெனியிடம் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். திரும்பக் கூப்பிடுகிறவர்கள் ஒரு மாத அவகாசம் தருவது வழக்கம்தான். கையிருப்பு குறைந்திருந்தால் அந்த வேலையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியதற்குத் தண்டனையாக மட்டும் அதை நினைக்காதீர்கள். அடுத்த பயணத்துக்குப் பணம் சேர்வதும் அங்கேதான். நேர்காணலில் இந்த ஏழு மாதத்தைப் பற்றிக் கேட்டால் இடைவெளி என்று சொல்லாதீர்கள். பாஷை தெரியாத ஐந்து நாட்டில் தனியாக முடிவெடுத்து, கணக்கு எழுதி, கைக்காசுக்குள் முடித்துத் திரும்பியதாகச் சொல்லுங்கள். உண்மை அதுதானே.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். சோர்வு நாள் முழுக்க, தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நின்றால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், தூக்கம் சுத்தமாகக் கெட்டால், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், இதை ஊர் திரும்பிய தவிப்பு என்று தள்ளிவைக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் நம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜுரத்துக்குப் போகிற மாதிரி போய் வாருங்கள், அதில் கூச்சம் எதற்கு?

அப்புறம், ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறதா, அதற்கு எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று இன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் கேளுங்கள். தேதி இருந்தால், கம்பெனிக்கு எழுதும் பதிலில் சேரும் நாளை அதற்கு இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். இந்த முறை கட்டுப் பிரிக்கும்போது அம்மா முதலில் உங்களைப் பார்க்கட்டும்.